எல்லாக் களைப்புக்கும் இரும்புச் சத்து மாத்திரையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ரத்தசோகை பற்றி வந்த கட்டுரை பயனுள்ளதுதான். ஆனால் களைப்பாக இருந்தால் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடலாம் என்று பொதுவாகச் சொல்லி முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் கணவருக்கு பாலிசைத்தீமியா வேரா என்ற நோய். எலும்பு மஜ்ஜை தேவைக்கு மேல் சிவப்பணுக்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். அநேகமாக எல்லா நோயாளிகளுக்கும் ஜேக்2 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். ரத்தம் கெட்டியாகி மூளையிலோ இதயத்திலோ ஈரலிலோ உறைந்துவிடலாம் என்பதுதான் பயம். அவருக்குக் குளித்து முடித்ததும் உடம்பெல்லாம் அரிக்கும், முகம் சிவந்தே இருக்கும். ஹீமோகுளோபின் 19 என்று வந்தபோது சொந்தக்காரர்கள், 'நல்ல ரத்த புஷ்டி, கொடுத்து வெச்சவர்' என்றார்கள்.

இதற்கு முதல் சிகிச்சையே ரத்தத்தை எடுத்துவிடுவதுதான். கூடவே குறைந்த அளவு ஆஸ்பிரின்; சிலருக்கு வேறு மாத்திரைகளும் உண்டு. ரத்த வங்கியில் படுக்க வைத்து, தானம் கொடுப்பவருக்குப் போடும் அதே ஊசிதான் போடுகிறார்கள். ஆரம்பத்தில் அவருடைய ரத்தம் கருஞ்சிவப்பாக, குழாயில் நின்று நின்றுதான் இறங்கும். கையில் பந்தைக் கொடுத்து 'அமுக்குங்க சார், அமுக்கிட்டே இருங்க' என்பார் செவிலியர். 350 மில்லி சேர்ந்ததும் பையைக் கட்டி அப்புறப்படுத்திவிடுவார்கள். அதை யாருக்கும் ஏற்றுவதில்லை.

ரிப்போர்ட்டில் பிசிவி என்று போடுகிறார்களே, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்ற கணக்கு, அது இவருக்கு 45 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 45-க்கும் 50-க்கும் இடையே விட்டுவைத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் அவற்றால் மரணமும் ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம் என்று 2013-ல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது.

இனி இரும்புக்கு வருகிறேன். ஒரு மில்லி ரத்தத்தோடு சுமார் அரை மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அதனால் அடிக்கடி ரத்தம் எடுப்பவருக்கு இரும்புச் சத்து குறைந்தே தீரும், அசதியும் வரும். மஜ்ஜையின் வேகத்தை அடக்குவதே அந்தக் குறைவுதான். இது தெரியாமல், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து ஒருவர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த பரிசோதனையில் பிசிவி கிடுகிடுவென்று ஏறியிருந்தது. எங்கள் ரத்தநோய் மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, அன்றைக்கே ரத்தம் எடுக்க அனுப்பினார். கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் வழக்கம்போல் சாப்பிடலாம் என்றார். மாத்திரையும் டானிக்கும்தான் அவரைக் கேட்காமல் கூடாது.

ஆண்களுக்கு 16.5, பெண்களுக்கு 16 என்ற அளவைத் தாண்டி ஹீமோகுளோபின் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகைப்பழக்கம், நுரையீரல் கோளாறு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகியவற்றாலும் அது கூடலாம். ஆகவே உடனே பயந்துவிட வேண்டியதில்லை. பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மருத்துவப் பக்கத்தை நம்பி மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் நிறைய. ரத்தப் பரிசோதனை செய்யாமல் இரும்பு மாத்திரை தொடங்க வேண்டாம் என்று அடுத்த இதழிலேயே ஒரு குறிப்பு வெளியிடுங்கள். இந்த நோயைப் பற்றி ஒரு ரத்தநோய் மருத்துவரிடம் கட்டுரையும் வாங்கிப் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்