40 மீட்டர் ஆழத்தில் உங்கள் ஞாபகம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போலந்தில் ஒரு பழைய வெள்ளிச் சுரங்கத்துக்குள் போய் வந்தேன். ஆட்களை இறக்கும் கேஜில் கால் வைத்ததுமே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. போனில் பேசினால் பேச்சு பாதியில் வேறு பக்கம் போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரின் பெயர் தர்னோவ்ஸ்கியே கூரி, சிலேசியாப் பகுதியில் இருக்கிறது. ரிப்கா என்ற குடியானவரின் எருது மண்ணைக் கிளறியபோது வெள்ளிக் கல் வெளியே வந்ததாம், அங்கே சொல்லும் கதை இது. 1526-இல் சுரங்கம் தோண்ட உரிமை கொடுத்த பிறகு ஊர் வளர்ந்திருக்கிறது.

நாங்கள் இறங்கியது 40 மீட்டர்தான். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய் வந்த உங்களுக்கு இது ஒரு கிணற்று ஆழம். அங்கே கீழே போகப் போகப் பாறையே சுடும் என்பீர்கள். இங்கே நேர்மாறு, கோடையிலும் 10 டிகிரி குளிர். சில இடங்களில் கூரை என் தோளுக்கு மேல் இல்லை, குனிந்தே நடந்தேன், கொஞ்ச நேரத்திலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். உளி இறங்கிய கோடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, விரல் நுழையும் பள்ளமாக, அப்படியே இருக்கின்றன. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஒரு மனிதர் நாள் முழுக்கக் கொத்தினால் எவ்வளவு தூரம் போயிருப்பார்? அந்தக் கோடுகளை விட்டு நகரவே மனசு வரவில்லை.

அப்புறம் தண்ணீர். அவர்களுடைய பெரிய எதிரி அதுதான். வெள்ளி கலந்த ஈயத் தாதுவை எடுக்கக் கொஞ்சம் ஆழமாகப் போனாலே ஊற்று பொங்கிவிடும். தண்ணீர் தானாக வடிந்து ஆற்றுக்குப் போகும்படி நீளமான வடிகால் சுரங்கங்களை வெட்டினார்கள். அதுவும் போதாமல் 1788-இல் வேல்ஸிலிருந்து நீராவி எஞ்சின் வரவழைத்து இறைத்தார்கள். அந்த எஞ்சினைப் பார்க்க 1790-இல் ஜெர்மன் கவிஞர் கதே வந்திருக்கிறார். இறைத்த தண்ணீரையே ஊருக்குக் குடிநீராகவும் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. யுனெஸ்கோ 2017-இல் இதை உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது, அந்த நீர் ஏற்பாட்டையும் பெயரிலேயே சேர்த்திருக்கிறது. சுற்றிப் பார்க்கும் வழியில் 270 மீட்டர் படகில்தான் போக வேண்டும். மோட்டார் கிடையாது. வழிகாட்டி கையாலேயே படகை நகர்த்தினார், சொட்டு விழும் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

பெரியப்பா, இந்தச் சுரங்கம் மூடி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அது மண்ணோடு போகாமல் காப்பாற்றியது அந்த ஊர்க்காரர்களின் சங்கம். பல வருஷம் பாடுபட்டு 1976-இல் மக்களுக்குத் திறந்தார்கள். இன்றும் அவர்கள்தான் நடத்துகிறார்கள்.

நம் கோலார் தங்கவயலை, அதான் கேஜிஎஃப்-ஐ, 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். பம்பு நின்றதும் தண்ணீர் ஏறிவிட்டது. நீங்களும் தாத்தாவும் வேலை செய்த லெவல்கள் இப்போது தண்ணீருக்கு அடியில். வெளியே தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் மட்டும் தெரிகின்றன. நம் ஆட்கள் அத்தனை பேர் உயிரைக் கொடுத்த இடம், உள்ளே இறங்கி ஒரு சுவரைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. படகில் உட்கார்ந்திருந்தபோது இதை நினைத்துத்தான் தொண்டை அடைத்தது.

பொங்கலுக்கு வருகிறேன். பாறை திடீரென்று வெடித்துச் சிதறும் ஏர் பிளாஸ்டுக்கு முன்னால் பாறையில் என்ன சத்தம் கேட்கும் என்று ஒரு தடவை சொல்ல வந்து பாதியில் நிறுத்திவிட்டீர்கள். இந்த முறை முழுசாகச் சொல்லுங்கள், பதிவு செய்துகொள்கிறேன். பரண்மேல் கிடக்கும் உங்கள் ஹெல்மெட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பெரியம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்