திரும்பி வரும் வழிக்கும் அதே டயர்தான்

யீஷூன்
9.2.2025

அன்புள்ள பாப்பா,

நாங்கள் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது தைப்பூசம் முடிந்திருக்கும். இந்த வருடமும் பால்குடம் எடுக்கிறாள். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. உனக்கு மூன்று தடவை போன் அடித்தேன். வேலையாக இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று மெசேஜ் அனுப்பினாய். சரி. நான் சொல்ல நினைப்பதைப் போனில் சொன்னால் அம்மா காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலன்று வந்தபோது, அம்மாவின் பானையை எடுக்கக் காரின் பின்கதவைத் திறந்தாய் அல்லவா? பின் சீட்டை மடித்து நான்கு டயர் அடுக்கியிருந்தாய். கருப்புப் பையில் கட்டி வைத்திருந்தாய். வெயில் படக்கூடாது என்று நான் சொன்னது இவளுக்கு நினைவிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். நீங்கள் இருவரும் லிஃப்டுக்குப் போனதும், சாவி என் கையில் இருந்ததால், ஒரு பையை அவிழ்த்துப் பார்த்தேன். கேட்காமல் பார்த்தது தப்புதான்.

3416.

2016-ஆம் ஆண்டு, 34-ஆவது வாரம். எட்டரை வயது டயர், பாப்பா. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே கார் நிறுத்துமிடத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். இந்த வெள்ளைக் கார் எந்த வாரம் பிறந்தது, அந்தச் சிவப்பு வேன் எந்த வாரம் பிறந்தது என்று கேட்பேன். நீ குனிந்து, டயரின் பக்கவாட்டில் அந்தச் சின்ன நீள்வட்டத்தைத் தேடி நான்கு எண்ணையும் படித்துச் சொல்வாய். உன் வகுப்பில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. அந்தப் பிள்ளை 3416 என்று பார்க்காமல் வாங்கியிருக்க மாட்டாள். பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய். எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான்.

பூ நிறைய இருக்கிறது, அதை நானும் பார்த்தேன். நான் வேலை பார்த்த பஸ் டிப்போவில் மலாய்க்கார நண்பர்கள் டயரின் வெட்டுகளைப் பூ என்றுதான் சொல்வார்கள், எனக்கும் அந்தப் பேச்சே பழகிவிட்டது. ஆறு மில்லிமீட்டராவது இருக்கும். சட்டம் கேட்பது 1.6 தான். ஆனால் பூ இருந்தால் போதுமா? ரப்பர் சும்மா கிடந்தாலே இறுகும். நீ ஓட்டப் போகும் மலேசியாவின் செப்பாங் பந்தய டிராக்கில் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இன்னும் கொஞ்சம் இறுகும். கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பதியவில்லை. காய்ந்த ரோட்டில் அது உன்னை ஏமாற்றிவிடும், நன்றாகத்தான் பிடிக்கிறது என்று நினைப்பாய். மழை பெய்தால்தான் அதன் குணம் தெரியும். செப்பாங்கில் மதியத்துக்கு மேல் மழை வருவது உனக்கே தெரியும்.

ஒன்றை இத்தனை நாள் நான் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னைச் செப்பாங்குக்குக் கூட்டிப்போனாயே, அன்று வீட்டுக்கு வந்து பெட்ரோல் வீண் என்று மட்டும்தான் சொன்னேன். அந்தச் சொல் உன்னைச் சுட்டிருக்கும். பதினைந்து வளைவிலும் நீ ஓட்டியதை நின்றுகொண்டே பார்த்தேன். மற்ற கார்களின் டயர் கத்திக்கொண்டே போனது. உன் டயர் முனகியது, அவ்வளவுதான். டயர் கத்தினால் தேய்கிறது என்று அர்த்தம். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை ஒரே தடவையில் திருப்பி, பொறுத்து ஆக்சிலேட்டரை மிதித்தாய். சொல்லிக் கொடுத்தவர் உன்னைப் பற்றிச் சொன்னதை அம்மாவிடம் வரிக்கு வரி சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை.

அதனால், போகாதே என்று எழுதவில்லை. போ. நம் சிங்கப்பூரில் எஃப்1 கார் பந்தயம் ஓட்டுவது தெருவை மூடித்தான். உன்னைப் போன்றவர்களுக்குச் செப்பாங்கை விட்டால் வேறு வழியில்லை, அது எனக்குப் புரிகிறது. டயரை மட்டும் யோசித்து வாங்கு. அங்கே 5.543 கிலோமீட்டர் ரவுண்டுக்கு மட்டுமா அந்த டயர்? துவாஸ் பாலம் தாண்டி ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போகிறாய். சாயங்காலம் களைத்துப்போய், பெரும்பாலும் மழையில், அதே டயரில் திரும்பி வருகிறாய். திரும்பி வரும் வழியை நினைத்து வாங்கு.

சின் மிங்கில் டயர் கடை வைத்திருக்கும் என் டிப்போ நண்பரைப் போய்ப் பார்த்தேன். யாருக்கு என்று சொல்லவில்லை. பக்கவாட்டில் ட்ரெட்வேர் எண், அதாவது தேய்மானத்தைத் தாங்கும் எண், 200 போட்ட டயராகப் பார் என்கிறார். 300, 400 எல்லாம் ஆபீசுக்குப் போகும் டயர், டிராக்கில் நாலு ரவுண்டிலேயே சூடு தாங்காமல் வழுக்கும். 100-க்குப் பக்கத்தில் இருப்பது பசை மாதிரி பிடிக்கும், சீக்கிரம் கரைந்தும் போகும். மழையில் அதை நம்பி நெடுஞ்சாலையில் வரவும் முடியாது. ஆனால் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதே. அது அமெரிக்காவில் வகுத்த முறை, 100 எண் கொண்ட சோதனை டயரோடு ஒப்பிட்டு டயர் செய்கிறவர்களே போட்டுக்கொள்வது, அதுவும் சாதாரண ரோட்டில் ஓட்டிய கணக்கு. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் 200, யோகோஹாமா ஏடி09 200, ஹான்கூக் ஆர்எஸ்4 கூட 200தான். மூன்றும் ஒரே மாதிரி தேயாது. பிரிட்ஜ்ஸ்டோன் வேகமானது, சீக்கிரம் தீரும். ஹான்கூக் ஒரு ரவுண்டில் கொஞ்சம் பின்தங்கினாலும் நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு ரொம்ப நாள் வரும் என்று பெயர் எடுத்தது. உனக்கு அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. நீ நேரத்துக்கு ஓட்டவில்லை, கற்றுக்கொள்ள ஓட்டுகிறாய். அப்படிப்பட்ட டயர் விடுவதற்கு முன்னால் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் விடும். உன் சுவிஃப்ட் காரின் 195/50 ஆர்16 அளவில் வருகிறதா என்று கேட்டுப் பார். கையில் வாங்கும்போது தேதியைப் பார். புது டயர் என்று விற்றாலும் தேதியைப் பார்.

விலையை ஒரு டயருக்கு இவ்வளவு என்று பார்க்காதே, எத்தனை நாள் ஓடும் என்று வகுத்துப் பார். நாற்பது வெள்ளிக்கு வாங்கிய டயர் ஒரே நாளில் ஓரம் கிழிந்துவிட்டால் அது மலிவா? செப்பாங்கில் பத்து வளைவு வலப்பக்கம், ஐந்துதான் இடப்பக்கம். உன் கார் முன் சக்கரத்தில் இழுக்கிற கார். அப்படியென்றால் இடது முன் டயரின் வெளி ஓரம்தான் முதலில் போகும். ஒவ்வொரு தடவை போய் வந்ததும் முன்னையும் பின்னையும் மாற்றிப் போடு. அலைன்மென்ட் பார்க்கும்போது முன் சக்கரத்தின் கேம்பரை, அதாவது மேல்பக்கத்தை, கொஞ்சம் உள்பக்கம் சாய்க்கச் சொல், ஓரம் பிழைக்கும். இதற்கு ஆகும் செலவு ஒரு டயரின் விலைகூட வராது.

செலவைப் பற்றி எழுதுகிறேனே தவிர, வேறு எதையும் நான் கேட்கவில்லை. முன்பெல்லாம் நீ புது டயர்தான் வாங்குவாய். பத்து வருடம் முடிந்து காரின் சிஓஇ உரிமத்தைப் புதுப்பித்தபோதுகூட யாரிடமும் ஒரு வெள்ளி கேட்கவில்லை. அதை அண்ணனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். டிசம்பரில் உன் கைப்பேசி எடுக்கவில்லை என்று ஆபீஸ் மேசை எண்ணுக்கு அடித்தேன். வேறு யாரோ எடுத்தார்கள். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

காற்றைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். காலையில் குளிர்ந்த டயரில் 30 பிஎஸ்ஐ காற்று வைத்துப் போனால், நாலைந்து ரவுண்டில் 36, 38 என்று ஏறிவிடும். உள்ளே வந்ததும் மீட்டர் வைத்துப் பார்த்து இறக்குகிறாய், எல்லாரும் அதைச் செய்கிறார்கள். சாயங்காலம் டயர் ஆறியதும் அது 25-க்குக்கூட இறங்கியிருக்கும், அதைப் பார்க்க எத்தனை பேருக்கு நினைவு இருக்கிறது? அந்தக் குறைந்த காற்றோடு மூன்று மணி நேரம் நெடுஞ்சாலையில் வந்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். பஸ் டயர் வெடித்து வந்ததை எத்தனை பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் காற்று குறைந்ததால்தான். கிளம்புவதற்கு முன் கார் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு ஏற்று. மறந்தால் முதல் பெட்ரோல் நிலையத்திலேயே நிறுத்து. எவ்வளவு நேரமானாலும் நிறுத்து.

அந்த 3416-ஐ மாட்டாதே. ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்று.

ஏன் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைப்பாய். 1999 டிசம்பர். பிஐஇ விரைவுச்சாலையில் ஆடம் ரோடு தாண்டி, ஜூரோங் அத்தை வீட்டுக்குப் போன வழியில். லாரி குறுக்கே வந்தது என்றுதான் உனக்குத் தெரியும். லாரி எதுவும் வரவில்லை, பாப்பா. மழை பெய்தது. வேனின் பின் டயர் இரண்டும் செகண்ட் ஹேண்ட். பூ நிறைய இருந்தது. மாட்டுவதற்கு முன்னால் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பதியவில்லை. அப்போதே இருபது வருடம் டயர் பார்த்தவன். எனக்குத் தெரியாத டயரா, இன்னும் இரண்டு மாதம் தாங்கும் என்று மாட்டினேன். அந்த மாதம் சித்தப்பா கல்யாணத்துக்கு ஊருக்குப் பணம் அனுப்பியிருந்தேன், கையில் இல்லை. தாத்தாவிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கல்யாணத்துக்கு அள்ளிக் கொடுத்தவன் டயருக்குக் கையேந்துவதா என்று கேட்கவில்லை. வளைவில் பின்பக்கம் போய்விட்டது. நான் என்ன செய்தும் திரும்பவில்லை. நீ பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாய்.

ஆஸ்பத்திரியில் தாத்தா வந்து என்ன நடந்தது என்று கேட்டார். லாரி என்றேன். அம்மா அதையே எல்லாரிடமும் சொன்னாள், அவளுக்கும் அவ்வளவுதான் தெரியும். அம்மாவின் இடது கை அன்றிலிருந்து தோளுக்கு மேல் போவதில்லை. வருடா வருடம் பால்குடத்தை ஒரே கையால் பிடித்துக்கொண்டு சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நடக்கிறாள். நான் பக்கத்தில் தண்ணீர்ப் புட்டியோடு நடக்கிறேன். மூன்றாம் வகுப்பில் நீ தமிழ்க் கட்டுரை எழுதினாயே, என் அப்பா சாமர்த்தியமாக வண்டியைத் திருப்பி எங்களைக் காப்பாற்றினார் என்று. ஆசிரியை வகுப்பில் படித்துக் காட்டினார் என்று ஓடி வந்து சொன்னாய். அதை நீலப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட முழுதாகப் படிக்க முடிந்ததில்லை.

தைப்பூசம் முடிந்ததும் அம்மாவிடம் சொல்லப் போகிறேன். உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நீலப் பெட்டியில் நான்கு டயருக்கான பணம் எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று உடனே மெசேஜ் போடாதே. கடன் என்று வைத்துக்கொள், எப்போது முடியுமோ அப்போது கொடு, நான் கேட்க மாட்டேன். வேறு செலவு இருந்தால் அதற்கு எடுத்துக்கொள், அதையும் கேட்க மாட்டேன். டிப்போவில் நான் வைத்திருந்த காற்று மீட்டரும் உனக்குத்தான், இன்னும் ஒரு புள்ளி பிசகாமல் காட்டுகிறது. தபாலில் அனுப்பினால் உடைந்துவிடும். சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு வா. வெயில் ஏறுவதற்குள் வந்தால், டயர் ஆறியிருக்கும்போதே நான்கையும் பார்த்துவிடலாம்.

அப்பா