56 ஏ.பி.ஓ. முகவரிக்கு வந்த கடிதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தபால் பெட்டிகள் பற்றிய சென்ற வாரக் கட்டுரையைப் படித்ததும், பரணிலிருந்த என் கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பட்டாளத்தில் இருந்தபோது அம்மா எழுதிய இன்லேண்ட் கடிதங்கள் நாற்பத்து மூன்று அதில் இருக்கின்றன.

1982-இல் குன்னூர் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தேன். வடக்கே போன பிறகு எங்கள் முகவரியில் ஊர்ப் பெயரே கிடையாது. படை எண், பெயர், யூனிட், அப்புறம் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலையம், அவ்வளவுதான். லீவில் வந்தபோது, "அந்த அம்பத்தாறு எந்த ஊருடா?" என்று அம்மா கேட்டார். "குளிர் ஊரும்மா" என்று மட்டும் சொன்னேன்.

1986 குளிர்காலத்தில் கார்கில் பக்கம் இருந்தோம். 11,500 அடிக்கு மேல் உள்ள சோஜிலா கணவாயைப் பனி மூடினால் அந்நாளில் ஸ்ரீநகர் சாலை மாதக்கணக்கில் அடைபட்டுவிடும். தபால் ஹெலிகாப்டரில்தான் வரவேண்டும், அதற்கு வானம் தெளிய வேண்டும். ஒருநாள் ஒன்பது கடிதங்கள் மொத்தமாக வந்தன. முத்திரைத் தேதி பார்த்து அடுக்கி, புகாரி அடுப்பருகே உட்கார்ந்து பிரித்தேன். முதல் கடிதத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. நான்காவதில் ஆஸ்பத்திரி. ஏழாவதில் வீடு திரும்பிக் கஞ்சி குடிக்கிறார். ஒன்றரை மாதக் கவலையை அரைமணி நேரத்தில் பட்டு முடித்தேன். பதில் எழுத எடுத்தால் பேனாவில் மை உறைந்திருந்தது. கக்கத்தில் வைத்துச் சூடேற்றித்தான் எழுதினேன்.

பக்கத்துக் கட்டில் பாலக்காட்டு நண்பருக்கு அன்று ஒன்றுகூட வரவில்லை. அம்மாவின் கடிதங்களை அவருக்கு வாய்விட்டுப் படித்தேன். எங்கள் மாடு கன்று போட்ட செய்தியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

போன மாதம் என்னோடு பணியாற்றிய ஒருவர் காலமானார். காரியம் முடிந்து வீட்டை ஒழித்தபோது அவர் கடிதங்களெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. பிள்ளைகள் மேல் குற்றமில்லை, அவர்களுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே வாங்கி வைத்திருப்பேன். இன்னும் மனது ஆறவில்லை.

உங்கள் வாசகர் வீடுகளில் அப்படிக் கடிதம் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். வேலூர் கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் படைவீரர் கடிதங்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்கினால், என்னுடையவற்றை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த ஒன்பதை மட்டும் நான் இருக்கும்வரை என்னிடமே வைத்துக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்