மால்ட் அரைவை இயந்திரம்: உருளையில் ஒளிந்திருக்கும் ஈயம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் பீர் வடிப்பவர்கள் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) உடைக்கும் உருளை இயந்திரத்தைத் தாங்களே செய்துகொள்வது பற்றிய தங்கள் கட்டுரையில் உருளை இடைவெளியும் சுழலும் வேகமும் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் கையில் கிடைக்கும் எந்த எஃகுக் கம்பியும் உருளைக்குப் போதும் என்று ஒரே வரியில் முடித்திருப்பது ஆபத்தானது.

மால்ட் ஈரமில்லாமல் சில நொடிகளே இயந்திரத்துக்குள் இருப்பதால், எதில் செய்தாலும் கேடில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உலோகத்தைத் தொட்டுச் செல்வதால் வரும் கேடு குறைவுதான். தேய்ந்து உதிர்வதுதான் கவலைக்குரியது. பார்லி உமியில் சிலிக்கா இருக்கிறது. அது உருளையின் பற்களை மெல்ல மெல்ல அராவும். உதிரும் தூள் உடைத்த மால்ட்டோடு சேர்ந்து 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு மணி நேரம் ஊறும். அந்த நீரின் பிஎச் 5.2 முதல் 5.6 வரை, அதாவது லேசான அமிலம்; தூளிலுள்ள உலோகம் அதில் கரையும்.

லேத்தில் கடைவதற்கும் நர்லிங் போடுவதற்கும் (மேற்பரப்பில் பற்கள் பதிப்பதற்கும்) வசதியானது 12எல்14 என்ற எஃகு ரகம். அதில் 0.15 முதல் 0.35 சதவீதம் வரை ஈயம் (லெட் என்ற நச்சு உலோகம்) உண்டு. கடைசல் எளிதாவதே அந்த ஈயத்தால்தான். ஈயம் சேர்க்காத 1018 ரகத்திலிருந்து அதைக் கண்ணால் பார்த்தோ காந்தம் வைத்தோ பிரித்தறிய முடியாது. ஆகவே பழைய இரும்புக் கடைக் கம்பி வேண்டாம். ரகம் குறித்த சான்றுள்ள 1018 வாங்குங்கள். அது துருப்பிடிக்கும்; துரு நஞ்சல்ல, ஆனால் இரும்பு கலந்த பீர் சீக்கிரம் பழசாகி உலோகச் சுவை காட்டும். கடைசல் கூலி கட்டுப்படியானால் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே மேல். அலுமினியத்தைப் பக்கத் தகடுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். உருளைக்கு அது மிக மென்மை.

உருளையைவிட மோசமானவை புஷ்கள், அதாவது தண்டைத் தாங்கும் உலோக வளையங்கள். எஸ்ஏஇ 660 வெண்கலத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் ஈயம். எளிதில் கடையக்கூடிய பித்தளையில் சுமார் 3 சதவீதம். தண்டு சுழலும்போது புஷ் தேய்ந்து, கிரீஸோடு குழைந்து, கறுப்புப் பசையாக உருளை முனைக்குக் கசியும். அங்கிருந்து மால்ட்டுக்குப் போக ஒரு விரல்கடை தூரம்கூட இல்லை. மூடிய பால் பேரிங்குகளைப் பக்கத் தகட்டுக்கு வெளியே பொருத்தி, உணவுத் தொழிலுக்கான எச்1 கிரீஸ் பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை. பழைய உபரிச் சரக்கு போல்ட்டுகளையும் தவிர்க்கவும். அவற்றில் நச்சு உலோகமான காட்மியத்தின் பூச்சு இருக்கக்கூடும்.

மால்ட் கொட்டும் புனலுக்குப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். உணவுப் பொருள் வந்த எச்டிபிஇ பிளாஸ்டிக் வாளி போதும். பெயின்ட்டோ ரசாயனமோ வந்த வாளி எத்தனை முறை கழுவினாலும் ஆகாது. தகட்டில் செய்வதானால் மூட்டுகளைப் பற்றவைக்காமல் ரிவெட் அடியுங்கள். மின்வேலைக்கான 60/40 பற்றுக்கம்பியில் 40 சதவீதம் ஈயம். ஜி.ஐ. தகட்டின் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டின்) துத்தநாகம் உரசலில் செதிலாக உதிரும். ஈஸ்ட்டுக்குத் துளித் துத்தநாகம் நல்லதுதான்; ஆனால் செதிலாகப் போவது எவ்வளவு என்று யாராலும் அளவிட முடியாது. ஜி.ஐ. தகட்டை வெல்டிங் செய்தால் வரும் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும். புனலின் உட்புறம் பெயின்ட் அடிக்கவே கூடாது.

உருளை இடைவெளியை 0.9 முதல் 1.2 மில்லிமீட்டருக்குள் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து பூட்டுங்கள். உருளைகள் சுழலும்போது இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் உலோகத்தோடு உலோகம் உரசி, ஒரே நாளில் ஓராண்டுத் தேய்மானம் உதிர்ந்துவிடும். முதல் அரைவைக்கு முன் கடைசல் எண்ணெயை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, உடனே துடைத்துக் காய வையுங்கள். பிறகு அரைக் கிலோ தானியத்தை ஓட்டி அதை எறிந்துவிடுங்கள். கோழிக்கும் போட வேண்டாம். அதன்பின் தண்ணீர் படாமல் பிரஷ் கொண்டு சுத்தம் செய்தால் போதும்.

கட்டுரையின் உதிரிபாகப் பட்டியலில் எஃகுக் கம்பி என்று இருப்பதை, ரகச் சான்றுள்ள 1018 அல்லது 304 கம்பி என்றும், வெண்கல புஷ் என்பதை மூடிய பேரிங் என்றும் அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்