பெயர் ஒன்று என்பதால் உயிரோடு இருப்பவரை நீக்காதீர்கள்

மீனவர் நிவாரணப் பட்டியலைத் தயாரித்துச் சரிபார்க்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

மீன்பிடித் தடைக்கால நிவாரணம் இந்த முறை யார் யாருக்கு வரவில்லை என்பது உங்களுக்கே தெரியும், மனுக்கள் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. அதனால் நேராகவே கேட்கிறேன். பெயரைப் பார்த்து ஆளை நீக்காதீர்கள். மீனவர் அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள்.

என் பெரியப்பா பெயருக்கு நேரே ‘இறந்துவிட்டார்’ என்று பதிந்திருக்கிறார்கள். இறந்தவர் கீழத்தெருவில் இருந்த இன்னொருவர். அதே பெயர், அதே பர்னாந்து, இருவருடைய அப்பா பெயரும் சூசை. பெரியப்பாவை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினோம். திரையைப் பார்த்தார்கள், அவரை நிமிர்ந்து பார்த்தார்கள், “உயிரோட இருக்காருன்னு சான்று வாங்கிட்டு வாங்க” என்றார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் விசைப்படகில் பங்குக்குப் போன மனுஷர், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். செத்துப்போனவர் அவருடைய சின்ன வயதுக் கூட்டாளி, சவப்பெட்டியைத் தூக்கியதில் இவரும் ஒருவர். நிவாரணம் 8,000 ரூபாய்தானே, அது பெரிய தொகையா என்று கேட்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கும்போது அது என்ன தொகை என்று மீனவர் வீட்டில் வந்து கேளுங்கள்.

“ஏன் எல்லாரும் ஒரே பெயரா வெச்சிருக்கீங்க?” என்று அங்கே ஒருவர் கேட்டார். பதில் சொல்லிவிடுகிறேன். 1530களில் எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையான முத்துக்குளித்துறையின் பரதவர்கள், அதாவது எங்கள் மீனவ முன்னோர்கள், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றார்கள், போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்களும் கூடவே வந்தன. பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மச்சாது, வாஸ் என்று கொஞ்சம் பெயர்கள்தான், வேம்பார் தொடங்கி உவரி வரை இவற்றையேதான் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். 1542இல் சவேரியார் வந்த கரை இது, அதனால் வீட்டுக்கு வீடு சேவியர், சவேரிமுத்து. உவரி அந்தோணியாருக்கும் மணப்பாட்டுத் திருச்சிலுவைக்கும் பனிமய மாதாவுக்கும் நேர்ந்துகொண்டு வைத்த பெயர்கள் மீதி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதும் சேர்ந்துகொண்டால் அந்தோணி மகன் சூசை, சூசை மகன் அந்தோணி என்று தலைமுறை தலைமுறையாகப் போகும். ஊருக்குள் இதனால் ஒரு குழப்பமும் கிடையாது. பட்டப்பெயர் இருக்கிறது, படகுப் பெயர் இருக்கிறது, சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் வீட்டைக் காட்டும். உங்களில் யாராவது ஒருவர் கீழத்தெருவுக்கு வந்து கேட்டிருந்தால் போதும்.

அப்புறம் இந்த எழுத்துப் பிரச்சினை. வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்து பெயரையே ஓரிடத்தில் பர்னாந்து என்றும் இன்னோரிடத்தில் பெர்னாண்டஸ் என்றும் எழுதுகிறார்கள். எங்களுக்கு ரேஷன் அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி, எல்லாம் யாரோ தட்டச்சு செய்தது. ஓர் எழுத்து மாறினால் ஒரே ஆளை இரண்டு ஆள் என்று திருப்பி அனுப்புகிறீர்கள், எழுத்து ஒத்துப்போனால் இரண்டு ஆளை ஒரே ஆள் என்று அடித்துவிடுகிறீர்கள். எப்படிப் போனாலும் அலைவது நாங்கள்தானா? கடற்கரையோடு இது முடியவும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் இசக்கியும் மாடசாமியும் மதுரைப் பக்கம் பாண்டியும் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாதா? முதியோர் ஓய்வூதியம் வாங்கும் ஒரு பாட்டியை இப்படி நீக்கினால் அவர் எந்த அலுவலகத்தைத் தேடிப் போவார்? தவறு பதிந்தவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள், திருத்தச் சொல்லிப் படி ஏறுவது பாதிக்கப்பட்டவர் வேலையாக இருக்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலைப்பளு உங்களுக்கும் இருக்கிறது என்று தெரியும். அட்டை எண் ஒத்துப்போகாமல் யாரையும் இறந்தவர் என்று பதியாதீர்கள். பதிவதற்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்புங்கள். தவறு நடந்துவிட்டால் சான்று கேட்டு அலையவிடாமல் அலுவலகமே திருத்தி, நின்றுபோன பணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பெரியப்பாவின் மனுவோடு அட்டை நகல் இணைத்திருக்கிறோம், எண் தெளிவாகத் தெரிகிறது. அடுத்த பட்டியல் வருவதற்குள் தயவுசெய்து அதை எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
முத்துக்குளித்துறையிலிருந்து இன்னொரு பர்னாந்து