காவிரியின் பெரிய மீனுக்குக் காவல் நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

1972-இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கத்தாருக்கும், மேல் காவிரியில் வால்னூர்ப் பக்கம் ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் குடகு வனவிலங்குச் சங்கத்தாருக்கும், கரையோரம் நடந்தே காவல் காத்தவர்களுக்கும், பரிசல்காரர்களுக்கும், பிடித்த மகாசீர் மீனை எடை போட்டு நோட்டில் எழுதிவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்ட தூண்டில்காரர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். நான் தருமபுரி மாவட்டத்துக்காரன். நீங்கள் காவல் நின்ற இடத்தைத் தாண்டி வரும் தண்ணீர்தான் மேக்கேதாட்டு இடுக்கில் புகுந்து எங்கள் பக்கம் ஒகேனக்கல்லில் விழுகிறது. மேலே நீங்கள் செய்த வேலைக்குக் கீழே இருக்கிற நாங்கள் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

மகாசீர், கெண்டைக் குடும்பத்து மீன். அதில் பல இனங்கள் உண்டு. காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டும் வாழ்கிற ஓர் இனம் இருக்கிறது. உலகத்தில் வேறு எந்த ஆற்றிலும் அது கிடையாது. கண்ணுக்கு மேலேயே தொடங்கி முதுகில் காளையின் திமில் மாதிரி எழும்பும் மேடு, ஆரஞ்சு நிறத் துடுப்புகள், பெரிய பெரிய செதில்கள். 1946-இல் கபினி ஆற்றில், விலங்குகளைப் பாடம் செய்து கொடுத்த மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் தூண்டிலில் பிடித்த மகாசீர் 120 பவுண்டு இருந்தது. ஏறக்குறைய 54 கிலோ. தூண்டிலில் மாட்டியதும் இந்த மீன் வேகமான ஓட்டத்துக்குள் பாய்ந்து, பாறைக்கு அடியில் போய்த் தூண்டில் நரம்பை உரசியே அறுத்துவிடும் என்பார்கள். அதைப் பிடிக்கவென்றே வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

1970-களில் இந்த மீன் அநேகமாக முடிந்துபோனது என்றே பலரும் நினைத்தார்கள். காரணம் ஒன்றிரண்டல்ல. சிவசமுத்திரத்தில் மின்நிலையம், கிருஷ்ணராஜசாகர், மேட்டூர் என்று ஆறு துண்டு துண்டாகியிருந்தது. முட்டையிட மேலேறிப் போகிற மீனுக்கு ஒவ்வோர் அணையும் ஒரு சுவர். அதற்கு மேல் தோட்டா, அதாவது வெடி. மடுவில் ஒரு தோட்டா போட்டால் பெரிய மீன், குஞ்சு, முட்டை, நண்டு எல்லாம் ஒரே நேரத்தில் சாகும். மிதப்பதை அள்ளிக்கொண்டு போவார்கள். அடியில் போய்த் தங்குவதை யாரும் எடுப்பதில்லை, எண்ணுவதும் இல்லை. ஒகேனக்கல் பக்கத்துக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நேரத்தில்தான் உங்கள் சங்கம் வந்தது. 1972, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த ஆண்டு. வேட்டையும் தூண்டிலும் பழகியவர்கள் சேர்ந்து, காவிரியில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, காவலுக்கு ஆள் போட்டீர்கள். வலை கூடாது, தோட்டா கூடாது, தூண்டில் மட்டும்; அதுவும் மாட்டிய மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று விதி வைத்தீர்கள். 1970-களின் கடைசியில் பிரிட்டனிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் காவிரியில் இன்னும் பெரிய மகாசீர் இருக்கிறது என்று பிடித்தே காட்டினார்கள். அந்தச் செய்தி வெளியே போனதும் வருகிறவர்கள் கூடினார்கள். பின்னால் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமாக்கலி என்று கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனமும் ஆற்றங்கரையில் முகாம்கள் நடத்தியது.

பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கிறவர்கள் மீனைக் காப்பாற்றினார்கள் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆற்றை நம்பிச் சோறு தின்கிறவனுக்கு, மீனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப விடுவது விளங்காத காரியம். நானும் தூண்டிலில் மாட்டியதை வீட்டுக் குழம்புக்குக் கொண்டுபோகிற பழக்கத்தில் வளர்ந்தவன்தான். ஆனால் எண்ணிப் பார்த்தால் ஒன்று புரிகிறது. அந்த மீனைப் பிடிக்கிற ஆசைக்காக ஒருவன் காசு கொடுத்தான். அந்தக் காசில் காவலுக்கு ஆள் வைத்தார்கள். ஆற்றில் ஆள் நடமாட்டம் இருந்ததால் தோட்டா போடுகிறவன் தயங்கினான். இப்படி ஒரு ஏற்பாட்டை அரசாங்கம் உத்தரவு போட்டு உண்டாக்கியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆற்றை நேசித்தவர்கள் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

இதில் என் நன்றியின் பெரிய பங்கு கரையோரக் கிராமத்து ஆட்களுக்கு. சங்கத்தின் பெயர் பலகையில் இருக்கும். அவர்கள் பெயர் எங்கேயும் இருக்காது. அவர்களில் சிலர் முன்பு தோட்டாவும் வலையும் போட்டவர்கள் என்று படித்திருக்கிறேன். அதைச் சொல்லி அவர்களைக் குறைக்கவில்லை. எந்த மடுவில் எந்தப் பாறைக்குப் பின்னால் பெரிய மீன் நிற்கும், தண்ணீர் ஒரு சாண் ஏறினால் அது எங்கே நகரும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்? அந்த அறிவை மீனின் பக்கம் திருப்பிவிட்டது பெரிய காரியம். கேழ்வரகு மாவைக் கிண்டி, உருண்டை பிடித்து, தூண்டில் முள்ளில் குத்திக் கொடுத்தது அவர்கள். மீன் பாறைக்குள் புகுந்ததும் பரிசலைச் சுழலுக்குள் செலுத்தி நரம்பை விடுவித்தது அவர்கள். எல்லாம் முடிந்து களைத்துக் கிடந்த மீனைத் தண்ணீருக்குள்ளேயே, ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்து, அது தானாக வாலை அசைத்துக் கிளம்பும்வரை பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்கள்தான். யானை இறங்குகிற, முதலை படுத்திருக்கிற ஆறு அது. ஐயா, உங்களுக்கு என் வணக்கம்.

அடுத்து நோட்டுப் புத்தகங்களுக்கு. கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மாட்டியது, எடை எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தார்கள். மொத்தம் 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மகாசீர்கள். மாலையில் களைப்போடு கரையேறுகிறவருக்கு இதை எழுதுவது சலிப்பான வேலையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நம் ஆறுகளில் எந்த மீன் எவ்வளவு இருந்தது என்று சொல்ல இப்படித் தொடர்ந்து எழுதிய கணக்கு மிகவும் அபூர்வம். ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர்கள் அந்தக் கணக்கை எடுத்து 2015-இல் வெளியிட்டபோது இரண்டு செய்திகள் தெரிந்தன.

முதல் செய்தி நல்லது. காவல் இருந்த அந்த ஆண்டுகளில் மாட்டிய மகாசீர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. சிறிய மீன்கள் நிறைய வந்தன. அதாவது மீன் பெருகியிருந்தது.

இரண்டாவது செய்தி எனக்குப் படிக்கவே கஷ்டமாக இருந்தது. பெருகியது திமில் உள்ள நம் மீன் இல்லை. நீலத் துடுப்பு மகாசீர். அது காவிரிக்குச் சொந்தமான மீனல்ல. மகாசீரைக் காப்பாற்ற வேண்டும் என்கிற நல்லெண்ணத்தோடு, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரித்து வளர்த்த குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் அது சரியான வழி என்றே எல்லோரும் நம்பினார்கள். வந்த மீன் ஆற்றை நிறைத்தது. ஆரஞ்சுத் துடுப்பு மீன் குறைந்துகொண்டே போய், கடைசி ஆண்டுகளில் கணக்கில் அநேகமாக இல்லாமலே ஆகிவிட்டது.

இங்கேதான் உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. எண்ணிக்கை ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்துவிடலாம். எந்தத் துடுப்பு, என்ன நிறம் என்று யாரும் பிரித்து எழுதியிருக்காவிட்டால் இன்றைக்கும் அப்படித்தான் இருந்திருப்போம். ஒரு மீன் கண்முன்னே காணாமல் போவதை, அதைத் தேடிப்போய் பிடித்து விட்டவர்களின் கையெழுத்தே சாட்சி சொல்லியது.

அப்புறம் விஞ்ஞானிகள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தூண்டில்காரர்கள் பேசிய இந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லாமல் இருந்தது. பெயர் இல்லாததை, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களைக் குறிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? ஏற்கெனவே கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மகாசீர்களை வைத்து, இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரேமா தேவி அவர்களைப் பெருமைப்படுத்தும் விதமாக 'டார் ரேமாதேவி' என்று ஓர் இனத்துக்குப் பெயர் சூட்டியிருந்தார்கள். பாம்பாறு நம் அமராவதியில் சேர்ந்து, அமராவதி கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது. காவிரியின் திமில் மீனும் பாம்பாற்றின் அந்த மீனும் ஒன்றே என்று 2018-இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அதற்கு ஆதாரமான மீன்கள் கிடைத்தது எங்கே தெரியுமா? தமிழ்நாட்டில், மோயாற்றில். அதே ஆண்டில் அது 'மிக மோசமாக அழியும் நிலையில் உள்ள' இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. அந்த ஆய்வாளர்கள் அத்தனை பேருக்கும், ரேமா தேவி அம்மையாருக்கும் நன்றி.

கர்நாடகத்தின் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது இப்போது நின்றுவிட்டது. சரணாலயத்தில் மீன் பிடிப்பதும் வேட்டைதான் என்பது சட்டத்தின் நிலை. அதன் நோக்கத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்கு மேலே நடக்கிற யானையையும் மானையும் யாரும் பார்க்கலாம். தண்ணீருக்கு உள்ளே இருப்பதைப் பார்த்துச் சொல்ல அந்தத் தூண்டில்காரர்களைத் தவிர வேறு யார் இருந்தார்கள்? பிடிக்க வேண்டாம், சரி. கணக்கெடுக்கவாவது அந்தப் பழைய கைகளையும், கரையோரக் கிராமத்து ஆட்களையும் கூப்பிடலாம். இரண்டு மாநில வனத்துறைக்கும் இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கும் நன்றி சொல்ல வேண்டியது இருக்கிறது. 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் காடுகளில் சரணாலயங்கள் வந்துவிட்டன. நீர்நாய்க்கும் ஆற்று ஆமைக்கும் முதலைக்கும் ஒரு தொடர்ந்த கரை கிடைத்திருக்கிறது. இதற்காக உழைத்த வனத்துறை ஊழியர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

மேக்கேதாட்டு அணை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு பக்கமும் டி.எம்.சி. கணக்கிலேயே சண்டை நடக்கிறது. தண்ணீர்ப் பங்கு எங்கள் விவசாயிகளுக்கு உயிர்ப் பிரச்சினை. அதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த அணை மூழ்கடிக்கப்போவது நீங்கள் காத்த இந்த ஆற்றையும் இதன் காட்டையும்தான் என்று இரு மாநில மேடைகளிலும் யாராவது சொல்ல வேண்டும். ஓடுகிற ஆறும் பாறையும் இல்லாவிட்டால் இந்த மீனுக்கு வேறு இடம் இல்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை. சேலம், தருமபுரி, ஈரோடு, கோவைப் பக்கம் உள்ள பழைய வீடுகளில், தாத்தாவோ பெரியப்பாவோ ஆளுயர மீனோடு நிற்கிற கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் ஆண்டும் இடமும் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. இந்த மீன் எங்கெல்லாம் வாழ்ந்தது என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட படங்களைத்தான் தேடி எடுத்தார்கள். மகாசீர் ஆய்வு செய்கிறவர்களிடமோ பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையிடமோ ஒரு நகல் கொடுங்கள். சங்கத்துப் பெரியவர்களிடம் இன்னும் பழைய நோட்டுகள் இருந்தால், அவற்றையும் கரையான் அரிக்கும் முன்னே படி எடுத்து வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
ஒகேனக்கல் பக்கத்துத் தூண்டில்காரன் ஒருவன்