நார்மல் என்று எழுதியிருந்தாய்

அன்புள்ள செல்வா,

புதன்கிழமை நீ அனுப்பிய முட்டி எக்ஸ்ரே ஃபோட்டோ வந்தது. ஜன்னலில் பிடித்து எடுத்திருக்கிறாய், பதினோரு மணி வெயில். லீவு போட்டிருப்பான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கீழே 'நார்மல்' என்று எழுதியிருந்தாய். எலும்பு நார்மல்தான். ஆனால் பக்கவாட்டுப் படத்தைப் பார், முட்டிச் சில்லுக்கு மேலே, தொடை எலும்புக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு உப்பல் இருக்கிறது. நீர் கோத்திருக்கிறது. ரத்தமாகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே ஃபிலிம் கழுவுகிற இருட்டறையில், ஹைப்போ மருந்து வாசனையில் பாதி ஆயுசைக் கழித்தவளிடமா நார்மல் என்கிறாய்?

குதித்து இறங்கும்போது 'டப்' என்று கேட்டது, ராத்திரிக்குள் வீங்கிவிட்டது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் மட்டும் லேசான சுளுக்கு. இப்போது மாடிப்படி இறங்கினால் முட்டி நழுவுகிறதாம். இதையெல்லாம் சேர்த்துக் கேட்டால் எந்த எலும்பு டாக்டருக்கும், தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் பிடித்துவைத்திருக்கிற ஏ.சி.எல். ஜவ்வு மேல்தான் முதல் சந்தேகம் வரும். படுக்கவைத்து, காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். எக்ஸ்ரேயில் ஜவ்வு விழாது. எம்.ஆர்.ஐ.தான் எடுக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் போதும், செலவு குறைவு என்று உன் ரூம் பையன் சொன்னானாமே. குதிகாலுக்குப் பின்னால் இருக்கிற தசைநாருக்கு அது போதும், தோலுக்கு அடியிலேயே இருப்பதால் நன்றாகத் தெரியும். ஏ.சி.எல். மூட்டுக்கு நடுவில் எலும்புகளுக்குள் இருக்கிறது. அங்கே அது சரியாக எட்டாது. மாமா வேறு, புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று நிற்கிறார். என்ன கிழிந்திருக்கிறது என்று தெரியாமல் எதைக் கட்டுவது?

எம்.ஆர்.ஐ.க்குப் பயப்படாதே. முட்டிக்கு எடுக்கும்போது கால்தான் முதலில் உள்ளே போகும், தலை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். அரை மணி நேரம் ஆகும். தடதடவென்று சத்தம் வரும், காதில் அடைக்கப் பஞ்சு கொடுப்பார்கள். எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான். வெள்ளி அரைஞாணைக் கழற்றிவிடு. இடது கையில் பிளேட் இருப்பதை மறக்காமல் முதலிலேயே சொல்.

ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்று பார்த்ததும் ஆபரேஷன் என்று முடிவு கட்டிவிடாதே. அப்பா முட்டியை ஸ்கேன் எடுத்தாலும் இரண்டு கிழிசல் என்று எழுதினாலும் எழுதுவார்கள், அவர் தினமும் காவேரியில் குளித்துவிட்டு நடந்து வருகிறார். உனக்கும் பயிற்சியிலேயே சரியாகலாம். ஆனால் நழுவுகிற முட்டியோடு திரிந்தால் உள்ளே எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸும் கிழியலாம். காலை நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டால் அன்றே டாக்டரிடம் போ. கெண்டைச்சதை வீங்கி வலித்தாலும் அப்படித்தான், விடியட்டும் என்று காத்திருக்காதே.

காலேஜில் நீ பந்தை அடித்தால் எதிர் டீம் இரண்டடி பின்னால் போகும். அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதே பையன் இப்போது வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டுகிறான்.

கம்பெனி இன்ஷூரன்ஸில் ஸ்கேன் வருமா வராதா என்று அக்கா கேட்டதற்கு நீ பேச்சை மாற்றிவிட்டாயாம். சரி, அதை விடு. இங்கே பெரியாஸ்பத்திரியில் நான் இருந்தவரை எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய்தான் வாங்கினார்கள், முதலமைச்சர் காப்பீடு இருந்தால் அதுவும் இல்லை. நம் கார்டில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. வெளியே எடுத்தால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். யாருடைய கையில் எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறு. காலை நீட்டி உட்கார முதல் வரிசை சீட்டாகப் பார். ஸ்கேன் எடுத்துவிட்டு உடனே ஓட வேண்டாம், ஒரு மாதம் இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கை ஆபரேஷன் சம்மரியை பீரோவிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன்.

அம்மா